தபசுகாலத்து வெள்ளிக்கிழமை விருந்து

1931 மார்ச் 2, திங்கள்

காலையிலிருந்து புழுக்கம். கடலுக்கு அக்கரையில் பிறை ஊர்ப் பக்கம் மேகம் கட்டிக் கலைந்துவிட்டது. காலர் இரண்டு கஞ்சி போடக் கொடுக்க வேண்டும். குடைக்கம்பியும் மாற்ற வேண்டும்.

ஆபீசில் புதுத் துரை சொல்லி அனுப்பினார். பெரிய கிராணி, எங்கள் தலைமைக் குமாஸ்தா, ஓய்வு பெறுகிறார். வெள்ளி மதியம் மாடி அறையில் விருந்து. துரை வீட்டுச் சமையல்காரன் சமையல். ஒரு துரை எங்களோடு மேசையில் உட்காருவது இதுவே முதல் தடவை. ரப்பர் விலை விழுந்ததிலிருந்து ஆட்குறைப்புப் பேச்சு. மிச்சமுள்ள இரண்டு கிராணிகளில் ஒருவர் போகவேண்டும். நான், இல்லையென்றால் சிவசாமி. மேசையில் யார் எப்படி என்று பார்க்கத்தான் இந்த விருந்து என்று ஆபீஸ் முழுக்கப் பேச்சு.

வெள்ளிக்கிழமை. அதுவும் தபசுகாலம், பாஸ்குவுக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பு. கத்தோலிக்கர் எங்களுக்கு மாமிசம் ஆகாது. துரை வேறு சபை, அவருக்கு எங்கே தெரியப்போகிறது.

மார்ச் 4, புதன்

தலைவலி. சுக்குத் தண்ணீர்.

சி. என்னைவிட மோசமான நிலையில். பிறவிச் சைவம், முட்டைகூடத் தொட்டதில்லை. தேத்தண்ணிக் கடையில் கேட்டேன்.

"என்னண்ணே செய்யப்போறீங்க?"

"நாலு பிள்ளைங்க இருக்கு தம்பி. கண்ண மூடி முழுங்கிற வேண்டியதுதான். முருகன் பாத்துக்குவான்லா."

சிரித்தார். நானும் சிரித்தேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு ஒட்டவில்லை.

தபசுகாலம் முழுக்க மகள் தெரேசாவுக்கு வேதக் கதை வாசிப்பது எங்கள் வீட்டு வழக்கம். இன்று பாபிலோன். ராஜா வீட்டுச் சாப்பாடு வேண்டாம், பருப்பும் தண்ணீரும் போதும் என்ற தானியேல் முதலான எபிரேயப் பையன்கள். பத்து நாளில் மற்றவர்களைவிட அவர்கள் முகம் பூரித்துவிட்டதாம். யாரோ வேண்டுமென்றே இந்தப் பக்கத்தைத் திறந்து வைத்ததுபோல் எனக்கு எரிச்சல்.

மனைவி ஆரோக்கியம் அடுப்படியிலிருந்து: "தானியேலுக்குப் பெண்டாட்டி பிள்ளை இருந்துச்சான்னு பாத்துச் சொல்லுங்க."

பார்த்தேன். அதைப் பற்றி வேதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை.

மார்ச் 5, வியாழன்

தூக்கம் சரியில்லை. சாமியார் பங்களா வாசல்வரை போனேன், வெள்ளிக்கிழமை மாமிசம் தின்ன விலக்குக் கேட்கலாமென்று. கொடுக்கமாட்டாரோ என்று பயம். கொடுத்துவிடுவாரோ என்று அதைவிடப் பயம். திரும்பிவிட்டேன். வழியில் சூலியா தெருவில் வாழைப்பழம் ஒரு சீப்பு, தெரேசாவுக்கு ரிப்பன்.

எழுதிப் பார்க்கிறேன்.

தானியேல்: சிங்கக் குகை. கீறல்கூட இல்லை.
சூளை மூவர் (ராஜாவின் சிலையைக் கும்பிடாதவர்கள்): நெருப்பில் மயிர்கூடக் கருகவில்லை. அப்புறம் உத்தியோக உயர்வு!
யோசேப்பு: எஜமானிக்கு இணங்கவில்லை. கிடைத்தது சிறை. அரண்மனை ரொம்பப் பிறகு.
யோபு: இழந்ததெல்லாம் இரட்டிப்பாகத் திரும்பி வந்தது. ஆனால் செத்த பிள்ளைகள் செத்ததுதான்.

பலன் மாதச் சம்பளம்போல் நிச்சயம் என்றால் அது விசுவாசமா? சூளை மூவர் ராஜாவிடமே சொல்லிவிட்டார்கள், சர்வேசுரன் காப்பாற்றாமல் போனாலும் சிலையைக் கும்பிடமாட்டோம் என்று. போனாலும்! என்னால் அப்படிச் சொல்ல முடியாது. எனக்கு வேலையும் வேண்டும், சர்வேசுரனும் வேண்டும்.

மார்ச் 6, வெள்ளி

நல்ல வெயில். மாடியில் எட்டுப் பேர். சி. படியேறும் முன் கைக்குட்டையால் திருநீற்றைத் துடைத்தார். பார்க்காததுபோல் நின்றேன்.

ஆட்டுத்தொடை. துரையே வெட்டி வெட்டிப் பரிமாறினார். என் முறை வந்ததும் வேண்டாம் சார் என்றேன். உடம்பு சரியில்லையா என்று கேட்டார். வயிற்றுவலி என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. இன்று வெள்ளிக்கிழமை சார், நான் கத்தோலிக்கன் என்றேன். "அப்படியா" என்று அடுத்த தட்டுக்குப் போய்விட்டார். உருளைக்கிழங்கும் பட்டாணியும் தின்றேன். பெரிய வீரன்தான். தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவேயில்லை.

சி. இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினார். துரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே மென்றார். பிறகு பின்பக்கச் சாக்கடையில் வாந்தி. அவர் தலையைப் பிடித்துக்கொண்டேன்.

"யார்கிட்டயும் சொல்லிறாத தம்பி. வீட்டுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான்."

மார்ச் 7, சனி

விஷயத்தைக் கேட்டதிலிருந்து ஆரோக்கியத்துக்குக் கோபம். பாத்திரங்கள்தான் சத்தம் போட்டன. சாயங்காலம் ஒருவழியாக: "வேல போச்சுன்னா புக்கிட் மெர்தாஜாம்ல எங்கண்ணன் வீட்டுக்குத்தான் போகணும். அண்ணி மூஞ்சிய தினம் நீங்கதான் பாக்கணும், நான் பாக்கமாட்டேன்."

செருப்பு வார் அறுந்துவிட்டது. தைக்கக் கொடுக்கவில்லை. எதிலும் மனம் நிற்கவில்லை.

மார்ச் 9, திங்கள்

வேலைநீக்கக் கடிதம் சி.க்கு. நான் தப்பினேன். சந்தோஷம்தான், மறைக்கமாட்டேன். அவர் முகத்தைப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

ஆரோக்கியம் மாதா படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள். "பாத்தீங்களா, அப்படியே தானியேல் கததான்!" அக்கம்பக்கமெல்லாம் சொல்லியாயிற்று. தெரேசா என் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தாள், பூரித்திருக்கிறதா என்று.

மார்ச் 10, செவ்வாய்

தூறல். சி.யின் கடித நகலைக் காகிதக் கட்டோடு சேர்க்கச் சொன்னார்கள். தேதியைப் பார்த்தேன். பிப்ரவரி 27. விருந்து என்ற பேச்சே வராத நாள். துரையின் கையெழுத்தும் அன்றே. ஆக, மேசையில் யாரும் யாரையும் எடைபோடவில்லை.

மதியம் சி. தன் சாமான்களை எடுக்க வந்தார். நெற்றியில் திருநீறு இல்லை.

"ஒங்க சாமி ஒங்களக் காப்பாத்திருச்சு தம்பி. நான் தின்னேன், முருகன் கைவிட்டுட்டான். நாயந்தானே."

பேசாமல் இருந்திருக்கலாம். நகலைக் காட்டினால் என் தானியேல் கதையும் அதோடு போயிற்று. ஆனால் அந்த நினைப்போடு அவரை வீட்டுக்கு அனுப்ப மனம் வரவில்லை. நகலை எடுத்து நீட்டினேன், தேதியில் விரல் வைத்து.

இரண்டு தடவை படித்தார்.

"அப்ப நான் சும்மாவா தின்னேன்?"