ஓதிலியாவுக்கு வைத்த பாலாடைக்கட்டி

அட்லிஸ்கோ,
நவம்பர் 4

அன்பு மகள் ஆம்பாரோவுக்கு அப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் கோழிகளும் இங்கே சுகம், சிகாகோக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டுமென்று தினமும் மெழுகுவத்தி ஏற்றுகிறேன். முழங்கால் வலி பரவாயில்லை, வயிற்றெரிச்சல்தான் தாங்கவில்லை. உன் சித்தி ஹசிந்தா செய்த காரியத்தை உன்னிடம் கொட்டாவிட்டால் எனக்கு ஒரு வாய் இறங்காது.

உன் அம்மா ஓதிலியா போன பிறகு வரும் முதல் ஆத்துமாக்கள் திருநாள் அல்லவா, மேசையில் அவள் படம், செண்டுமல்லி எல்லாம் நானே வைத்தேன். பீன்ஸ் திணித்த சோள அடையைச் சந்தையில் வாங்கினேன், அது என் கைக்கு வராது. ஆனால் அதன்மேல் அவள் தூவிச் சாப்பிடும் பாலாடைக்கட்டியை நானே செய்தேன். பாலை எலுமிச்சை விட்டுத் திரியவைத்து, துணியில் கட்டித் தொங்கவிட்டு, உதிர்த்து, செர்ரானோ மிளகாயைக் கல்லில் கருகச் சுட்டு நறுக்கி, வாசனைக்கு எபசோத்தே தழையைக் கிள்ளிப் போட்டேன். மிளகாய்க் கையால் கண்ணைத் தேய்த்து ஒரு மணி நேரம் குருடனாக உட்கார்ந்திருந்தேன், சிரிக்காதே. அந்த நேரம் பார்த்து வந்தாள் மகராசி. நேராகக் கிண்ணத்தில் விரலை விட்டு நக்கினாள்! வரும் ஆத்துமா சாப்பிடும் முன் உயிரோடிருப்பவர் வாயில் வைக்கலாமா? சமைத்த நானே நாக்கில் வைக்கவில்லை. நக்கியதோடு விட்டாளா, ஐயே அத்தான், உப்பே இல்ல, தழையை வேற மாட்டுக்குப் போடுற மாதிரி அள்ளிப் போட்டிருக்கீங்களே என்றாள். உன் அக்காவுக்கு வச்சதை எச்சில் பண்ணிட்டு உனக்கு உப்பு வேற கேக்குதா, வெளிய போடி என்று கத்திவிட்டேன். அத்தனையையும் கோழிக்குக் கொட்டிவிட்டு மறுபடி பால் வாங்கிச் செய்தேன். இவள் சொல்லி நான் போடுவதா என்று உப்பு டப்பாவைத் தொடவே இல்லை.

நேற்று மேசையைப் பிரித்து அந்த அடையை வாயில் வைத்தேன் மகளே, மண் மாதிரி இருந்தது. பங்கு வாங்க ஹசிந்தாவும் வந்திருந்தாள். ஒரு வாய் தின்றாள், சண்டை போடவில்லை. விடுங்க அத்தான், மேசையில ஆத்துமாவுக்குன்னு உப்புக் கிண்ணம் வச்சிருந்தீங்கல்ல, அக்கா எடுத்துப் போட்டிருப்பா என்றாள். ஆறுதலாம்! எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. முப்பத்திரண்டு வருஷம் நான் உட்கார்ந்த இடத்திலிருந்து உப்பு என்று கேட்டால் அடுப்பை விட்டு எழுந்து வந்து போட்டவள் உன் அம்மா. அவளுக்கென்று நான் சமைத்த முதல் சாப்பாட்டுக்கும் அவளேதான் எழுந்து போய் உப்பு எடுத்திருக்க வேண்டுமா?

மாதா உங்கள் இருவரையும் காக்கட்டும். கையுறை இல்லாமல் வேலைக்குப் போகாதே. இரண்டு லிட்டர் பாலுக்கு உன் அம்மா எத்தனை சிட்டிகை உப்பு போடுவாள் என்று மறக்காமல் எழுது. சித்தியிடம் நான் கேட்க மாட்டேன்.

கோபம் தீராத உன் அப்பா,
வென்செஸ்லாவோ