பனியில் ஒரு கள்ளிப்புறா

வெர்மான்ட், அமெரிக்கா
11 ஜனவரி 2025

அன்புத் தம்பி ஜெயபாண்டிக்கு,

நீயும் தமிழ்ச்செல்வியும் நலம்தானே? போனில் பேச்சு வேறெங்கோ போய்விடுகிறது, அதனால் மின்னஞ்சலில் எழுதுகிறேன்.

வீட்டெதிரே மின்கம்பியில் ஒரு புறா. பின்கழுத்தில் கறுப்புப் பட்டை. நம் திருவாதவூர்க் கம்பியில் உட்காரும் அதே கள்ளிப்புறா என்று எங்கள் பறவைக் குழுவுக்கு எழுதினேன். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் பஹாமாஸ் தீவில் கூண்டிலிருந்து தப்பியவை, கடல் தாண்டி அமெரிக்காவின் பெரும்பகுதிக்குப் பரவிவிட்டன. எங்கள் மாவட்டத்தில் மட்டும் இதுவரை பதிவில்லை. குழுத் தலைவியோ, யாரோ வளர்த்த கூண்டுப்புறா என்கிறார். அதற்கும் அதே பட்டை உண்டு.

நான் சொன்ன எதையும் இந்தக் குழு ஒரே தடவையில் நம்பியதில்லை. இதையும் தள்ளினால் விலகிவிடுவேன். பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் ஆண்டுதோறும் நிற்பவன் நீ. இத்துடன் வரும் படத்தைப் பார்த்துச் சொல்.

உன் அக்கா,
கனகலட்சுமி

திருவாதவூர்
13 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

கோபப்படாதே. இது நம்ம புறா இல்லை. தீனி போட்டு வளர்த்த உடம்பு. தமிழ்ச்செல்வியும் எட்டிப் பார்த்து, "இம்புட்டுக் குண்டா ஒரு புறாவ நான் கண்டதே இல்ல" என்றாள். உங்கள் தலைவி சொல்வதுதான் சரி. மச்சானை விசாரித்ததாகச் சொல். பொங்கலுக்கு என்ன சமையல்?

தம்பி,
ஜெயபாண்டி

வெர்மான்ட்
2 பிப்ரவரி 2025

தம்பி,

பொங்கலுக்கு ஒன்றும் சமைக்கவில்லை. பதில் எழுதவும் மனமில்லை. நீயுமா என்று இருந்தது.

படம் எடுத்த அன்று இங்கே மைனஸ் பதினெட்டு. அந்தக் குளிரில் பறவை இறகைச் சிலுப்பிக்கொண்டு பந்து மாதிரி உட்காரும். மதுரை வெயிலில் நீ அதை எங்கே பார்த்திருப்பாய்? நேற்று வெயில் அடித்ததும் கூவியது. பதிந்து அனுப்பியிருக்கிறேன். கேட்காமல் பதில் போடாதே. மாதக் கடைசியில் குழுவின் கூட்டம்.

கனகலட்சுமி

திருவாதவூர்
9 பிப்ரவரி 2025

அன்பு அக்கா,

குளிர் என்ற ஒன்று எனக்குத் தோன்றவே இல்லை.

கோரிப்பாளையத்தில் பறவை விற்கும் கடைக்குப் போய்க் கூண்டுப்புறாவின் குரலையும் பதிந்தேன். "சத்தம் மட்டும் போதுமாண்ணே, புறா வேணாமா?" என்று கடைக்காரர் சிரித்தார். நேற்று காலை நம் வயலில் முதலில் அந்தக் குரலை ஸ்பீக்கரில் போட்டேன். கம்பியில் இருந்த கள்ளிப்புறா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு உன்னுடையது. மூன்றாவது கூவல் முடியுமுன் வாலை விரித்துப் பாய்ந்து வந்து, ஸ்பீக்கர் மேலேயே உட்கார்ந்து எதிர்க்கூவல் கூவியது.

வீடியோ எடுத்தது தமிழ்ச்செல்வி. "அமெரிக்காக்காரன் நம்ம எல்லைக்குள்ள வந்துட்டான்னு சண்டைக்கு வருது" என்று அவள் சொல்வதும் அதில் இருக்கிறது.

இதைக் கூட்டத்தில் போட்டுக் காட்டு. வால் தொடங்கும் இடத்தில் அடிப்பக்கத்தையும் படம் எடு. கூண்டுப்புறாவுக்கு வெள்ளை, நம்முடையதற்குச் சாம்பல். விலகாதே, அக்கா.

ஜெயபாண்டி

வெர்மான்ட்
4 மார்ச் 2025

என் அன்புத் தம்பிக்கு,

வீடியோவை இரண்டு தடவை ஓட்டச் சொன்னார்கள். தமிழ்ச்செல்வி சொன்னதை மொழிபெயர்த்ததும் கூடமே சிரித்தது. மறுநாள் குழுத் தலைவி காரில் வந்து, எங்கள் கம்பத்தடியில் பனியில் மல்லாந்து படுத்து வாலடியைப் படமெடுத்தார். சாம்பல்தான். எழுந்து பனியைத் தட்டிவிட்டு, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். மாவட்டத்தின் முதல் கள்ளிப்புறா, கண்டவர் கனகலட்சுமி என்று பதிவாகிவிட்டது. அன்றைக்குத்தான் பொங்கல் வைத்தேன்.

நேற்று பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் அபூர்வ வாத்து ஒன்றைப் பார்த்ததாக எழுதியிருந்தார். கனகலட்சுமியைக் கேளுங்கள் என்று தலைவி பதில் போட்டுவிட்டார். நேரில் பார்க்காமல் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். விடிந்ததும் கிளம்புகிறேன்.

உன் அக்கா,
கனகலட்சுமி