நன்றியுரையில் நாற்பத்து மூன்று பேர்

கோண்டாவில்,
03.09.2006

அன்புள்ள சந்திரிகா,

இங்கே நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம் என்று எழுதும் அளவுக்குச் சுகமாக இருக்கிறோம். அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்ததும் கண்டிக்குப் புறப்பட இருந்தேன். அதற்குள் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறும் பாதையை மூடிவிட்டார்கள். கட்டின பை கட்டினபடி கட்டிலுக்கடியில் கிடக்கிறது. பகலில் சில மணி நேரம் ஊரடங்கு இல்லை. அந்த நேரம் சாமான் வாங்கச் சங்கக்கடை வரிசையில் நிற்பதிலேயே போய்விடுகிறது. "ஏன் பிள்ளை முகத்தைத் தூக்கி வச்சிருக்கிறாய்? உன்ரை கட்டுரை எங்கையும் ஓடிப் போகுமே?" என்று அம்மா கேட்கிறார்.

ஓடித்தான் போகப்போகிறது. போர்க்காலப் பிரசவங்கள் பற்றிய அந்தச் சிறப்பிதழுக்கு ஒக்டோபர் பதினைந்துதான் கடைசித் திகதி. இங்கே இணையம் இல்லை, கைத்தொலைபேசியும் வேலை செய்யவில்லை. நீர்தான் அனுப்ப வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் என் அறைச் சாவி காரியாலயத்தில் இருக்கிறது. கணினியில் கட்டுரை முக்கால்வாசி முடிந்த நிலையில் இருக்கும். சுருக்கத்தை வெட்ட வேண்டும், உசாத்துணைப் பட்டியலைச் சரிபார்க்க வேண்டும், கடைசியில் வழக்கமான நாலு வரி நன்றி எழுத வேண்டும்.

நாம் இரண்டு பேரும் ஒரு வருடம் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் லயம் லயமாக ஏறி இறங்கியது வீணாகக் கூடாது. அடையாள அட்டை இல்லாமல், சோதனைச் சாவடிக்குப் பயந்து, ஆஸ்பத்திரிக்குப் போகாமல் லயத்துக் காம்பரா அறையிலேயே பிள்ளை பெற்ற நாற்பத்து மூன்று தாய்மார் நம்மை நம்பிச் சொன்ன விஷயம் இது. சந்தா கட்டிப் படிக்கும் இதழுக்குக் கொடுத்தால் நாலு பேராசிரியர்மார் படித்துவிட்டு மூடிவைப்பார்கள். இந்த இதழ் இணையத்தில் திறந்தே கிடக்கும், யாரும் படிக்கலாம். நாவலப்பிட்டியில் வேலை செய்யும் தாதியும் படிப்பார். கொழும்பில் இருக்கிற அதிகாரியும் தனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது.

உம்மை விட்டால் எனக்கு ஆளில்லை.

அன்புடன்,
பத்மாதேவி


பிலிமத்தலாவை,
26.09.2006

அன்பு பத்மா,

உன் கடிதம் இரண்டு கிழமை ஊர் சுற்றிவிட்டுப் போன கிழமைதான் வந்தது. உறையை யாரோ பிரித்துப் படித்துவிட்டு மறுபடி பசை தடவியிருக்கிறார்கள். படித்த புண்ணியவானுக்கு என் சுகத்தையும் சொல். அம்மாவைக் கேட்டதாகச் சொல். அப்பாவின் காரியத்துக்கு வரமுடியாமல் போனது எனக்கு ஆறவில்லை.

"உம்மை விட்டால் ஆளில்லை" என்று எழுதுகிறாய். இருபது வருடமாகியும் இந்த 'உம்மை' போகவில்லை. ஹொஸ்டலில் என் தேங்காய்ச் சம்பலைத் திருடித் தின்னும்போது மட்டும் 'நீ' என்பாய்.

உன் கணினியிலிருந்த கட்டுரையைப் பிரதி எடுத்து வந்தேன். தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கண்டிக்குப் போய், முஹைதீன் நானாவின் இணையக் கடையில் உட்கார்ந்துவிடுகிறேன். அந்த இதழின் விதிமுறைகள் மட்டும் பதினெட்டுப் பக்கம். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட இவ்வளவு கேட்டதில்லை. நீ நானூறு சொல்லில் எழுதிய சுருக்கத்தை இருநூற்றைம்பதாக வெட்டினேன். கோபிக்காதே, உயிர் போகாமல்தான் வெட்டியிருக்கிறேன்.

ஆனால் நாலு வரி நன்றிக்கு நான் சம்மதிக்க மாட்டேன். சொல்லிவிடுகிறேன், கேள். எட்டு வருடத்துக்கு முன் வந்த உன் முதல் கட்டுரையில் பாதி நேர்காணல்கள் நான் எடுத்தவை. அச்சில் வந்தபோது கடைசிப் பக்கத்தில், "களத்தில் உதவிய ஆசிரியை ஒருவருக்கும் நன்றி" என்றிருந்தது. ஆசிரியை ஒருவர்! நான் அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. பேசாததால் மறந்துவிட்டேன் என்று நினைத்தாயோ?

எங்கள் பக்கம் ஒரு பள்ளிக்கூட விழா என்றால்கூட, வாழைமரம் கட்டியவரின் பெயர் நன்றியுரையில் விடுபட்டால் அடுத்த வருடம் அவர் வாசல்பக்கம் வரமாட்டார். ஆகவே நாற்பத்து மூன்று தாய்மாரின் பெயரையும் எழுதிவிட்டேன். ஒருவரும் தவறக்கூடாதென்று கட்டுரையின் அட்டவணையையும் அலுமாரியிலிருந்த மூலப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒன்றாம் இலக்கத்திலிருந்து அதே வரிசையில் எழுதினேன். தோட்டத்தின் பெயரையும் போட்டிருக்கிறேன். இனி அவர்களில் ஒருத்தியும் 'தாய் ஒருவர்' இல்லை.

பத்தாம் திகதி அனுப்பிவிடுவேன். நாம் இருவரும் கையெழுத்திட வேண்டிய படிவம் இத்துடன் இருக்கிறது. உன் பெயர் முதலிலும் என் பெயர் இரண்டாவதாகவும் போட்டிருக்கிறேன். படிவம் பிந்தி வந்தாலும் ஏற்றுக்கொள்வார்களாம்.

உன்,
சந்திரிகா


கோண்டாவில்,
19.10.2006

சந்திரிகா,

உம்முடைய கடிதம் நேற்றுத்தான் கையில் கிடைத்தது. அந்தப் பெயர்களை எடுத்துவிடும். ஒன்றுகூட வேண்டாம்.

ஒன்பதாம் இலக்கத் தாய் தன் தம்பியைப் பற்றி என்ன சொன்னார் என்று நினைத்துப் பாரும். முப்பதாம் இலக்கம் பொலிசைப் பற்றிச் சொன்னதையும் நினைத்துப் பாரும். அவர்கள் யாரென்று தெரியக்கூடாது என்றுதானே பெயருக்குப் பதிலாக இலக்கம் போட்டோம்? அதே வரிசையில் நன்றியுரையில் பெயரை எழுதினால், ஒன்பதுவரை எண்ணத் தெரிந்தவன் நேராகப் போய் அந்தக் காம்பராக் கதவைத் தட்டுவான். தோட்டத்தின் பெயரையும் கொடுத்திருக்கிறீரே! நல்லவேளை, கடிதத்தில் அந்தப் பெயர்களை நீர் எழுதவில்லை.

தொலைபேசி எடுக்கக் காலையிலிருந்து முயன்றேன். கண்டிக்கு இணைப்புக் கிடைக்கவில்லை. பத்தாம் திகதியே அனுப்பியிருப்பீர். அனுப்பியிருந்தால் கட்டுரையையே திருப்பி எடும். எனக்குக் கட்டுரை வேண்டாம்.

இதில் உம்மைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அன்று நான் உம்முடைய பெயரை எழுதியிருந்தால் இன்று நீர் நாற்பத்து மூன்று பெயரை எழுதியிருக்க மாட்டீர். உம்முடைய பெயரைப் போடத்தான் இருந்தேன். "ஒரு பள்ளிக்கூட ரீச்சர் எதுக்கு?" என்று என் மேற்பார்வையாளர் கேட்டார். நான் மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை. வேலை போய்விடுமோ என்று பயந்தேன். அதற்குப் பிறகு உம்மோடு அதைப் பற்றிப் பேசவும் வெட்கமாக இருந்தது. எட்டு வருடம் பிந்திவிட்டது, என்னை மன்னியும்.

படிவத்தில் பெயர் வரிசையை வெட்டி மாற்றிக் கையெழுத்திட்டிருக்கிறேன். உம்முடைய பெயர்தான் முதலில். ஆனால் அந்தப் பெயர்கள் வெளியே போயிருந்தால் படிவத்தையும் கிழித்துப் போடும்.

பத்மா


பிலிமத்தலாவை,
24.10.2006

அன்பு பத்மா,

உன் பதில் இன்னும் வரவில்லை. நீ பயந்தவள், ஆகவே முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன்: எல்லாம் நல்லபடியாக முடிந்தது. ஒருவருக்கும் ஒரு கெடுதியும் இல்லை. இப்போது ஒரு கதிரையில் உட்கார்ந்து மீதியைப் படி.

பத்தாம் திகதி கட்டுரையை அனுப்பினேன். மூன்றாம் நாள் பதில் வந்தது. பெயர் சொல்லி நன்றி கூறப்படும் ஒவ்வொருவரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்கி அனுப்ப வேண்டுமாம், அதுவரை கட்டுரையை மதிப்பீட்டுக்கு அனுப்பமாட்டார்களாம். எனக்கு வந்ததே கோபம்! நன்றி சொல்வதற்கும் அனுமதிச் சீட்டா என்று கடையிலேயே கத்திவிட்டேன். முஹைதீன் நானாதான், "டீச்சர், கொஞ்சம் பொறுங்க. அவங்க கேக்குறதுலயும் ஏதாவது ஹிக்மத், நல்ல காரணம் இருக்கும்" என்றார்.

சரி என்று, பெயரையும் வயதையும் ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டு, தீபாவளிக்கு மறுநாள் தோட்டத்துக்குப் போனேன். முதல் காம்பரா வடிவம்மாவுடையது (கடிதத்துக்காக நான் வைத்த பெயர், உறையைப் பிரிப்பவர் தேடி அலையட்டும்). முறுக்குக் கொடுத்து உட்கார வைத்தாள். "உங்க பேர் உலகம் முழுக்கத் தெரியப்போகுது, யாரு வேணும்னாலும் காசில்லாம படிக்கலாம்" என்று நான் பெருமையாக அளந்தேன்.

அவள் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "யாரு வேணும்னாலும்னா, ஆமி கேம்புல இருக்கவங்களும் படிப்பாங்கதானே டீச்சரம்மா?"

பத்மா, கையிலிருந்த முறுக்கைத் தட்டில் வைத்துவிட்டேன். அடுத்த நிமிடமே அந்த வரிசையும் இலக்கமும் கண்முன் வந்தன. பட்டதாரி என்று பெயர்ப்பலகை மாட்டாத குறையாகத் திரிகிற எனக்கு ஒரு மாதமாகத் தோன்றாதது, கையெழுத்துப் போடத் தெரியாத அவளுக்கு ஒரே மூச்சில் தோன்றியது. "எம்பேரெல்லாம் வேணாம். ராத்திரியில வர்ற மாதிரி ஆஸ்பத்திரி வேனு ஒண்ணு கேட்டு எழுதுங்க" என்றாள்.

அடுத்த வீட்டுக்குப் போகவில்லை. ஓட்டமும் நடையுமாக வந்து பஸ் பிடித்தேன். கம்பளைக்கு இந்தப் பக்கம் எல்லாரையும் இறக்கிச் சோதித்தார்கள். தாள் என் கைப்பையில்! கிழிக்கவும் வழியில்லை, விழுங்கவும் வழியில்லை. ஒரு இராணுவப் பெண் பையைக் கொட்டி, தாளை விரித்து, என்ன இது என்று சிங்களத்தில் கேட்டாள். நாற்பத்து மூன்று பெயர், பக்கத்தில் ஒவ்வொரு எண். "வகுப்புப் பிள்ளைகளின் புள்ளிகள். நான் டீச்சர்" என்று வாய் தானாகச் சொன்னது. அவள் மேலிருந்து கீழ்வரை விரலோட்டிப் பார்த்தாள். இருபத்திரண்டு, முப்பத்தொன்று, பத்தொன்பது. கடைசியில் என்னை ஏற இறங்கப் பார்த்து, "நாற்பத்து நாலுக்கு மேலே ஒருத்தரும் எடுக்கவில்லையே! கொஞ்சம் ஒழுங்காகப் படிப்பியுங்கள் டீச்சர்" என்று புத்தி சொல்லி, தாளை மடித்துத் தந்தாள். தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன். இத்தனை வருட உத்தியோகத்தில் என் வகுப்பு முழுக்கப் பெயிலானதற்காக நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுமுன் தாளை அடுப்பில் போட்டேன். அலுமாரியிலிருந்த மூலப் பட்டியலையும் சேர்த்துப் போட்டேன். நேற்று நானாவின் கடையில் என் பழைய பிரதியை அழித்து, நன்றியுரையை மாற்றி அனுப்பினேன். "எம்மை நம்பிப் பேசிய தாய்மாருக்கு" என்று ஒரே வரி, தோட்டத்தின் பெயரும் இல்லை. இன்று பதில் வந்துவிட்டது. தங்களிடமிருந்த பழைய பிரதியையும் அழித்துவிட்டார்களாம். மதிப்பீட்டாளர் ஒருவரும் அதைப் பார்க்கவில்லையாம். கடையிலேயே அழுதுவிட்டேன். நானா பிளேன்டீ வாங்கித் தந்தார்.

உன்மேல் இருந்த கோபத்தை அந்தத் தாய்மார்மேல் நன்றியாகக் கொட்டியிருக்கிறேன் என்று இப்போது விளங்குகிறது. கோபம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன்.

உன்,
சந்திரிகா


கோண்டாவில்,
21.11.2006

என் சந்திரிகா,

நம்முடைய கடிதங்கள் இரண்டும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. உன்னுடையது இன்றைக்குத்தான் வந்தது. ஒரு மாதமாக எனக்கு நித்திரை இல்லை. எந்த நேரமும் அந்தத் தாய்மாரின் முகங்கள்தான். முதல் வரியைப் படித்ததும் முற்றத்திலேயே குந்திவிட்டேன். புள்ளிகள் கதைக்கு வந்தபோது நான் சிரித்த சிரிப்பில் அம்மா கிணற்றடியிலிருந்து ஓடிவந்து, "என்ன பிள்ளை, பாதை திறந்திட்டாங்களோ?" என்று கேட்டார். இல்லையம்மா, அதைவிடப் பெரிய சங்கதி என்றேன். இன்றைக்கு இரண்டு பேரும் வயிறாரச் சாப்பிட்டோம். பருப்பும் சோறும்தான்.

கோபம் போகவில்லை என்று எழுதியிருக்கிறாய். போகும்வரை கோபித்துக்கொள், நான் எங்கே போகப்போகிறேன்? படிவம் வந்து சேர்ந்ததா என்று மட்டும் எழுது.

பத்மா


பிலிமத்தலாவை,
04.03.2007

அன்பு பத்மா,

வந்துவிட்டது! போன வெள்ளிக்கிழமை இணையத்தில் போட்டுவிட்டார்கள். இத்துடன் அச்சுப் பிரதி ஒன்று வைத்திருக்கிறேன், இதையும் பிரித்துப் படிப்பவர்கள் தாராளமாகப் படிக்கட்டும். நாவலப்பிட்டிப் பக்கத்துத் தாதி ஒருவர் அதற்குள் படித்துவிட்டு என்னைத் தேடி எழுதியிருக்கிறார். இரவில் வண்டி கேட்டு மேலிடத்துக்கு அனுப்பும் மனுவில் நம்முடைய அட்டவணையை இணைக்கப்போகிறாராம்.

என் பெயர் முதலில் இருக்கிறது. படிவத்தில் நீ வெட்டி மாற்றியதைப் பார்த்தபோது, பாவம் பார்த்துத் தருகிறாள் என்று முதலில் எரிச்சல் வந்தது. பிறகு எண்ணிப் பார்த்தேன். நாற்பத்து மூன்றில் இருபத்தொன்பது நான் எடுத்தவை. ஆகவே வெட்கமில்லாமல் ஏற்றுக்கொண்டேன். நீ 'உம்மை' விட்டு 'உன்னை'க்கு வந்துவிட்டதையும் கவனித்தேன். என் கோபத்துக்கு இனி வேலையில்லை. பாதை திறக்கும்வரை காத்திராமல் நீ சீக்கிரம் கப்பலேறி வரப் பார்.

நேற்றுத் தோட்டத்துக்குப் போனேன். வடிவம்மாவின் காம்பராவில் இருபது இருபத்தைந்து பேர் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். அட்டவணையில் இருந்ததை ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். இலக்கம் பதினேழு: "பனிக்குடம் உடைந்த பிறகும் சாவடியைத் தாண்டப் பயந்து பாதி வழியில் வீட்டுக்கே திரும்பினேன்."

"அது நான் சொன்னது!" என்றாள் நல்லம்மா (இதுவும் நான் வைத்த பெயர்தான்). "ஒன்னுது எங்க? அது என்னுது" என்றாள் வடிவம்மா. மூலையில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த ஒருத்தி, "ரெண்டு பேரும் சும்மா இருங்க, அது நாந்தான்" என்றாள். மூன்று பேரும் சண்டை பிடித்துவிட்டு என்னிடம் திரும்பினார்கள். "டீச்சரம்மா, நீங்களே சொல்லுங்க, அது யாரு?"

தாளைப் பார்த்தேன். பட்டியல் சாம்பலாகி நாலு மாதம். எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை என்றேன். இனி யார் வந்து எப்படிக் கேட்டாலும் என்னால் சொல்ல முடியாது என்று அப்போதுதான் உறைத்தது. எனக்கு வந்த நிம்மதியை உனக்கு எப்படி எழுதுவேன்!

"சரி, மூணு பேருமேதான். அடுத்தத படிங்க" என்றாள் வடிவம்மா.

பதினெட்டைப் படித்தேன். ஐந்து பேர் கை தூக்கினார்கள்.

உன்,
சந்திரிகா