சம்பந்தி இலையில் அவித்த கடலை

என் அருமைச் சம்பந்திக்கு,

சூரமங்கலத்திலிருந்து நான்தான் எழுதுகிறேன். பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லி எழுத வைத்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். இது என் கை, என் பென்சில், என் எழுத்து. வரி கொஞ்சம் மேலே ஏறி, கொஞ்சம் கீழே இறங்கிப் போகிறது. தறியில் இப்படி நெய்திருந்தால் முதலாளி சேலையை என் முகத்திலேயே வீசியிருப்பார். கடிதத்துக்கு அந்தப் பயம் இல்லை.

எங்கள் தெருவில் விளக்கு வைத்ததும் பெரியவர்களுக்குப் பள்ளிக்கூடம் நடக்கிறது. முதல் நாள் என்னைப் பார்த்த வாத்தியார், "பேரனக் கூட்டிட்டுப் போக வந்தீங்களா தாத்தா?" என்றார். "இல்லீங்க சாமி, என்னையத்தான் சேத்துக்கோணும்" என்றேன். சேர்த்துக்கொண்டார். ‘இ’ எழுதும்போதெல்லாம் உங்கள் வீட்டம்மா முறுக்கு மாவைச் சுற்றுவதுதான் நினைவுக்கு வருகிறது. அந்த எழுத்து மட்டும் எனக்கு உடனே வந்துவிட்டது.

இந்த வயதில் ஏன் படித்தேன் தெரியுமா? உங்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. அதை வேறொருவர் கையால் எழுத வைத்தால் நம் ரகசியம் உங்கள் ஊர் ஆட்டையாம்பட்டி வரைக்கும் போய்விடும். நான் எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் அது எப்படியும் போய்விட்டது. எப்படிப் போனது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். இதைச் சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்கும்படி நானே சத்தமாகப் படிக்க வேண்டும் என்பது உங்கள் வீட்டம்மாவின் உத்தரவு. ஆகையால் அவர்களைப் பற்றி நல்லபடியாகவே எழுதப் போகிறேன்.

கேட்கிறவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். என் மகள் செல்லம்மாவை உங்கள் மகனுக்குக் கட்டிக் கொடுத்த பிறகு, செவ்வாய்க்கிழமை தோறும் நீங்கள் நூல் வாங்கச் செவ்வாய்ப்பேட்டைக்கு வருவீர்கள். வேலை முடிந்ததும் என் வீட்டுக்கு வருவீர்கள். கையில் ஓர் ஓலைப் பெட்டி இருக்கும். பெட்டிக்குள் உங்கள் வீட்டம்மா தன் கையால் சுற்றிச் சுட்ட முறுக்கு இருக்கும்.

சம்பந்தி பெட்டியோடு வரும்போது நான் வெறும் தண்ணீரா கொடுக்க முடியும்? யுத்த காலம். நூல் கிடைக்காமல் தறி பாதி நாள் சும்மா நிற்கும். அரிசியும் சர்க்கரையும் அளந்துதான் கிடைக்கும். ஆனாலும் செல்லம்மா உங்கள் வீட்டில் தலை நிமிர்ந்து நடக்க வேண்டாமா? கடைத்தெருவில் எண்ணெய் சொட்டச் சொட்ட வடை வாங்கி வந்து தட்டில் வைப்பேன். நீங்கள் "ரொம்ப நல்லா இருக்குதுங்க" என்பீர்கள். நான் முறுக்கைக் கையில் எடுத்து, "இதுமாதிரி எங்கீங்க கெடைக்கும்?" என்பேன். இப்படியே காலம் போனது.

ஒரு செவ்வாய்க்கிழமை நீங்கள் புறப்பட எழுந்தபோது உங்கள் வேட்டி மடியிலிருந்து ஏதோ தரையில் விழுந்து உருண்டது.

"ஏனுங்க சம்மந்தி, என்னமோ உழுந்துதுங்களே?"

"அதுங்களா... ஊட்டுக்கு எடுத்துட்டுப் போலாமுன்னுங்க."

"முறுக்கு மலையாட்டம் குமிஞ்சு கெடக்கற ஊட்டுக்கு ஒத்த வடையா கொண்டு போறீங்க?"

நீங்கள் அப்படியே உட்கார்ந்துவிட்டீர்கள். "எண்ணெயத் தொட்டா நெஞ்சு எரியுதுங்க. வைத்தியரு ஆகவே ஆகாதுன்னுட்டாரு. நீங்க ஆசையா வெச்சதத் தள்ளுனா தப்பாப் போயிருமேன்னு மடியில கட்டிக்கிட்டுப் போயி, பஸ்ஸேர்ற எடத்துல நாய்க்குப் போட்டுருவேனுங்க."

குனிந்து வடையை எடுக்கப் போன என் மேல்துண்டிலிருந்து மூன்று முறுக்குகள் உதிர்ந்தன. நீங்கள் முறுக்கைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள். நான் வாயைத் திறந்து காட்டினேன். "இதுல முறுக்கு எங்க போயி நிக்குமுன்னு நீங்களே சொல்லுங்க."

அன்றைக்கு நாம் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டுத் தறி நின்றுவிட்டது, நினைவிருக்கிறதா? சிரித்து முடித்ததும் உங்களுக்குப் பயம் வந்துவிட்டது. "இத எங்க ஊட்ல சொல்லிப்போடாதீங்க. சம்மந்திக்குன்னு சொல்லித் தனியா வெண்ணெயப் போட்டுச் சுத்தறா. அவ முறுக்க ஒருத்தரு வேண்டாமுன்னு சொன்னதே கெடையாதுங்க." நான் சொல்லவில்லை.

அதன் பிறகுதான் நம் தேடல் ஆரம்பித்தது. பல் இல்லாதவனும் நெஞ்செரிச்சல்காரரும் சேர்ந்து தின்ன, கைக்கடக்கமான விலையில், உடம்புக்குக் கெடுதல் இல்லாமல் ஒரு பண்டம் வேண்டும். பொரி வாங்கினோம், காற்றடித்துத் தறியின் பாவு நூலெல்லாம் பொரி ஒட்டிக்கொண்டது. கொள்ளு நல்லது என்று வைத்தியர் சொன்னதால் வறுத்துப் பார்த்தோம். என் ஈறு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. குச்சிக்கிழங்கு, அதுதான் மரவள்ளி, மலிவு, மெத்தென்றும் இருந்தது. ஆனால் தொண்டையில் போய் உட்கார்ந்துகொண்டது. நீங்கள் கண் பிதுங்க நிற்க, நான் முதுகில் குத்த, நீங்கள் என் முதுகில் குத்த, ஒரு குடம் தண்ணீர் காலியானது.

செக்கடிக்குப் போய்ச் சுடச்சுடக் கடலைப் புண்ணாக்கு வாங்கி வெல்லத்தோடு தின்றோமே, அதை மறக்க முடியுமா? ருசியாகத்தான் இருந்தது. ஆனால் செக்கு மாடு நடையை நிறுத்திவிட்டு நம்மையே பார்த்துக்கொண்டு நின்றது. "அதும் பங்க நாம திங்கறமுங்க" என்று நீங்கள்தான் முதலில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தீர்கள்.

கடைசியில் ரயில் ஸ்டேஷன் வாசலில் அவித்த கடலை விற்கும் பாவாயியிடம் போய்ச் சேர்ந்தோம். உப்புப் போட்டு அவித்த நாட்டுக் கடலை. தோலை உரித்து வாயில் போட்டால் ஈறே போதும். உங்கள் நெஞ்சும் சும்மா இருந்தது. கையில்தான் காசு இல்லை. அப்போது பாவாயி உங்கள் ஓலைப் பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"என்னங்க பெரியவரே, பல்லு மொளச்சிருச்சா, முறுக்கு கட்டிட்டு வந்திருக்கீங்க?"

"வேணுமுன்னா எடுத்துக்க ஆயா" என்றேன்.

அவள் ஒன்றைக் கடித்துப் பார்த்தாள். பெட்டி முழுவதையும் வாங்கிக்கொண்டு, நம் இரண்டு துண்டு நிறையக் கடலை கொட்டினாள். அன்றிலிருந்து செவ்வாய்தோறும் இதே வியாபாரம். உங்கள் வீட்டம்மாவின் முறுக்கு ரயிலேறிப் போனது. நாம் ஸ்டேஷன் புளியமரத்தடியில் உட்கார்ந்து கடலை உரித்தோம். பெட்டியை வெறுமையாகத் திருப்பிக் கொண்டுபோய், "சம்மந்தி ஒண்ணு விடாமத் தின்னுட்டாரு" என்று சொல்லிவிடுவீர்கள்.

பிறகு நீங்கள் போய்விட்டீர்கள். செவ்வாய்க்கிழமை மட்டும் தவறாமல் வந்துகொண்டிருக்கிறது.

போன வாரம் உங்கள் வருடத் திவசம். அதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே எனக்குத் தூக்கமில்லை. உங்களுக்குப் பிடித்தது முறுக்குதான் என்று ஊரே நம்புகிறது. இலை நிறைய முறுக்கு வைப்பார்கள். நெஞ்செரிச்சல்காரர் ஒரு வருடம் கழித்துப் பசியோடு வந்து, முறுக்கைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவதா? உண்மையைச் சொன்னால் உங்கள் வீட்டம்மாவின் மனம் என்ன ஆகும்? அந்த வீட்டில்தானே என் செல்லம்மா விளக்கேற்றுகிறாள்? என்ன செய்யட்டும் என்று உங்களைத்தான் கேட்க நினைத்தேன். கேட்டு எழுதுவதற்குள் நாள் வந்துவிட்டது.

கடலையை அவித்து, துண்டில் முடிந்து, மடியில் வைத்துக்கொண்டு, பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பஸ்ஸில் ஏறினேன். யாரும் பார்க்காதபோது இலை ஓரத்தில் வைத்துவிடலாம் என்பது என் திட்டம். பஸ் மேட்டில் நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். நான் ஒரு கையால்தான் தள்ளினேன். மற்றக் கை உங்கள் கடலையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

உங்கள் வீட்டில் இலை போட்டிருந்தார்கள். நினைத்தபடியே முறுக்கு. நான் மெல்ல இலைப் பக்கம் நகர்ந்தேன்.

"ஏனுங்ணா, மடியில என்னமோ சொட்டுதுங்க?"

உங்கள் வீட்டம்மா! என் வேட்டி நனைந்து தரையில் ஈரக் கோடு வந்திருந்தது. பொய் சொல்ல வாய் வரவில்லை. பல் இல்லாத வாயில் பொய்யும் நிற்காது போலிருக்கிறது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சமையலறை வாசலில் செல்லம்மா கரண்டியோடு சிலை மாதிரி நின்றாள்.

"அப்ப இத்தன வருசமா நான் சுட்ட முறுக்க ஆருங்க தின்னாங்க?"

"ரயில்ல போறவங்க அம்மிணி. பட்டாளத்து ரயில்ல போற சிப்பாயிங்க. வெள்ளக்காரச் சிப்பாயிகூட ஒருத்தன் தின்னான்னு பாவாயி சொன்னா."

உங்கள் வீட்டம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்கள். நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன்.

"தின்னுட்டு என்ன சொன்னானாம்?"

"இன்னொண்ணு வேணுமுன்னு கையக் காட்டுனானாம்."

"செல்லம்மா! கேட்டியா? வெள்ளக்காரன் இன்னொண்ணு கேட்டானாம்!"

அவ்வளவுதான். வந்த சொந்தக்காரர் ஒவ்வொருவருக்கும் இந்தக் கதை சொல்லப்பட்டது. உச்சி வேளைக்குள் அந்த ஒற்றைச் சிப்பாய் ஒரு பட்டாளமாகிவிட்டான். நடுவில் என் பக்கம் திரும்பி, "இவரு வேட்டியத் தொவைக்கறப்பல்லாம் கடலத் தோலு வருமுங்ணா. கேட்டா, சந்தையில காத்துல பறந்து வந்து மடியில உழுந்துதும்பாரு" என்றார்கள். சம்பந்தி, இதைவிட நல்ல பொய் உங்களுக்குக் கிடைக்கவில்லையா?

என் துண்டை அவர்களே வாங்கி அவிழ்த்தார்கள். கடலையை ஒவ்வொன்றாக உரித்து உங்கள் இலையில் வைத்தார்கள். "ஊட்ல இவரு உரிக்கச் சோம்பேறி" என்று மெல்லச் சொல்லிக்கொண்டார்கள்.

பிறகு காக்கைக்கு வைத்தோம். ஓட்டின் மேல் ஒரு பக்கம் முறுக்கு, ஒரு பக்கம் கடலை. ஒரு காக்கை வந்தது. தலையைச் சாய்த்துக் கடலையைப் பார்த்தது. நான் கை கூப்பினேன். அது இரண்டு தத்துத் தத்தி, முறுக்கைக் கவ்விக்கொண்டு பறந்துவிட்டது!

"பாத்தீங்களாண்ணா!" என்றார்கள் உங்கள் வீட்டம்மா. அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பார்த்திருப்பீர்கள்.

நியாயமா சம்பந்தி? உங்களுக்காகப் பஸ் தள்ளினேன், மானத்தை விட்டேன், நீங்கள் முறுக்கை எடுத்துக்கொண்டு போகிறீர்களே! ஆனால் வீடு திரும்பும் வழியில் ஒன்று தோன்றியது. அங்கே உங்களுக்கு நெஞ்சு எரிவதில்லை போலிருக்கிறது. அப்படியானால், அங்கே எனக்கும் பல் முளைக்குமா?

பதில் எழுத வேண்டாம். நானே வந்து தெரிந்துகொள்கிறேன், அவசரமில்லாமல். அதுவரை செவ்வாய்தோறும் புளியமரத்தடியில் உங்கள் பங்குக் கடலையையும் நானே உரித்துத் தின்றுவிடுகிறேன். வரும்போது உங்கள் வீட்டு முறுக்கு ஒரு பெட்டி கொண்டு வருவேன். வழியில் எந்தச் சிப்பாய் கேட்டாலும் கொடுக்க மாட்டேன். நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து, சத்தம் கேட்கக் கேட்கக் கடித்துத் தின்போம். இது சத்தியம்.

உங்கள் மருமகளைப் பெற்றவன்,
கடலைக்கும் முறுக்குக்கும் பங்காளியான
சூரமங்கலத்துச் சம்பந்தி