துடைத்தது நீ அல்ல

கோவில்பட்டி,
14 மார்ச் 2010

அன்புள்ள தம்பி செய்யது அலிக்கு,

கல்யாணசுந்தரி டீச்சர் எழுதுகிறேன். உறையில் என் பெயரைப் பார்த்த பிறகும் கிழித்துப் போடாமல் பிரித்தாயே, அதற்கே உனக்கு நன்றி சொல்ல வேண்டும். மூன்று முறை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. எடுக்காததில் தப்பே இல்லை. உன் அம்மாவிடம் போய் மஸ்கட் விலாசத்தை எழுதி வாங்கிக்கொண்டு வந்தேன்.

அம்மா நலமாக இருக்கிறார்கள். சர்க்கரை மட்டும் கொஞ்சம் கூடியிருக்கிறதாம். மாத்திரையைத் தவறாமல் போடுகிறார்களா என்று கேட்டேன். "போடுதேன் டீச்சர், அவன்ட்ட நீங்க ஒண்ணும் சொல்லிராதீக" என்றார்கள். சொல்லக் கூடாது என்றதையே முதலில் சொல்லிவிட்டேன். நீ தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தானே.

இந்த வருஷம் நல்ல மழை. தை பிறந்தும் மைதானம் காயவில்லை. கரிசல் மண் ஷூவில் அப்பிக்கொண்டு பிள்ளைகளால் ஓட முடியவில்லை. மாசியில்தான் தரை இறுகியது. ஆனாலும் மாவட்ட ஹாக்கிப் போட்டியில் இரண்டாவது இடம் வந்துவிட்டோம். உன்னைப் போல் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு நின்று படம் பிடிக்க ஆள் இல்லை. ஆட்டம் முடிந்ததும், "டீச்சர், நான் எங்க தப்பு விட்டேன்னு பாக்கணும்" என்று கோல்கீப்பர் தஸ்லிமா கேட்டாள். காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

சென்ற மாதம் எங்கள் பள்ளிக்கு இராமச்சந்திரன் என்று ஒரு கம்ப்யூட்டர் சார் வந்திருக்கிறார். விளையாட்டு அறையில் சாக்கைப் போட்டு மூடிவைத்திருந்த நம் கம்ப்யூட்டரைப் பார்த்து, ஏன் சும்மா கிடக்கிறது என்று கேட்டார். மூன்று வருஷ ஆட்டப் பதிவுகள் அழிந்துபோன கதையைச் சொன்னேன். கேமரா கார்டில் இருப்பதைப் பெரிய டிஸ்க்கில் ஏற்றிவிட்டு, அடுத்த ஆட்டத்துக்காகக் கார்டைத் துடைத்து வைக்க நீ ஒரு கட்டளை எழுதியிருந்தாய் என்றும், அது ஒருநாள் கார்டை விட்டுவிட்டுப் பெரிய டிஸ்க்கையே துடைத்துவிட்டது என்றும் சொன்னேன். அவர் உன் கட்டளையைத் திறந்து படித்தார். இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். "இதுக்கு நடுவுல யாரும் இந்தக் கம்ப்யூட்டர ஓட்டுற லினக்ஸ் சிஸ்டத்தைப் புதுசா ஏத்துனீங்களா டீச்சர்?" என்று கேட்டார்.

தம்பி, ஏற்றினோம். உனக்குத் தெரியாமல் ஏற்றியவள் நான்.

2008 அக்டோபரில் உன் அக்கா வீட்டுக் கல்யாணத்துக்கென்று நீ குளத்தூரில் நான்கு நாள் இருந்தாய், நினைவிருக்கிறதா? அப்போது என் அக்கா மகள் உமாராணி லீவுக்கு வந்திருந்தாள். இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். "இந்த லினக்ஸ் ரொம்பப் பழசு சித்தி, நான் புதுசு போட்டுத் தாரேன்" என்றாள். நீ முன்பே, "ஓடுற மெஷின்ல கை வைக்க வேண்டாம் டீச்சர்" என்று சொல்லியிருந்தாய். இருந்தாலும் நான் சரி என்றேன். நீ வைத்திருந்த படம், பட்டன் எல்லாம் திரையில் அப்படியே இருந்தன. அதனால் உன்னிடம் சொல்லவும் தோன்றவில்லை.

இராமச்சந்திரன் சார் எனக்குப் புரியும்படி தாளில் எழுதிக் காட்டினார். பழைய லினக்ஸில் சிஸ்டம் இருந்த டிஸ்க்கின் பெயர் எச்.டி.ஏ. பதிவுகள் இருந்த பெரிய டிஸ்க் வேறு வகை என்பதால் அது எஸ்.டி.ஏ. கேமரா கார்டைச் செருகினால் எஸ்.டி.பி. புதியதில் எச்.டி என்ற பெயரையே எடுத்துவிட்டு எல்லா டிஸ்க்கையும் ஒரே வரிசையில் நிறுத்திவிட்டார்களாம். சிஸ்டம் டிஸ்க் எஸ்.டி.ஏ ஆனது. பெரிய டிஸ்க் எஸ்.டி.பி ஆனது. கார்டு மூன்றாவதாகப் போய்விட்டது. உன் கட்டளை எப்போதும் போல எஸ்.டி.பி-யைத் துடைத்தது. "எழுதுனவர் மேல தப்பே இல்ல. அவர் எழுதுன அன்னைக்கு அது சரி" என்றார்.

இதோடு நிறுத்தினால், எனக்கு இப்போதுதான் தெரிந்தது என்று நீ நினைத்துக்கொள்வாய். அப்படி நினைக்க விடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கடிதத்தை நான்கு முறை கிழித்து எழுதுகிறேன்.

டிஸ்க் அழிந்த அன்று மைதானத்தில் பிள்ளைகள், அவர்களைக் கூப்பிட வந்த தாய்மார் எல்லார் முன்பும் உன்னை நான் என்ன சொன்னேன் என்பதைத் திரும்ப எழுதக் கை வரவில்லை. "நான் எப்பவும் செய்யுறதத்தான் செஞ்சேன் டீச்சர்" என்று மட்டும் சொன்னாய். கொஞ்சம் ஆட்டங்களை டிவிடியில் போட்டு வைத்திருக்கிறேன் என்றாய். அறைச் சாவியை உன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, இனி இந்தப் பக்கம் வராதே என்றேன். மறுநாள் அறையில் இருந்த ஒரு டிவிடியைப் போட்டு, நீ வைத்திருந்த பட்டனை அழுத்திப் பார்த்தேன். அப்படி ஒரு சாதனமே இல்லை என்று வந்தது. டிரைவும் கெட்டுவிட்டது, டிவிடியிலும் ஒன்றும் இருக்காது என்று நானே முடிவு கட்டினேன்.

அதற்கு அடுத்த நாள் உமாராணி போன் செய்தாள். "சித்தி, புது லினக்ஸ்ல டிஸ்க் பேரெல்லாம் மாறிருமாம். அந்த அண்ணன்ட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க" என்றாள். சரி என்று வைத்துவிட்டேன். எனக்கு லினக்ஸ் தெரியாது. ஆனால் அவள் சொன்னதன் அர்த்தம் அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்தது. அன்று சாயங்காலம் உன் ரிப்பேர் கடை வழியாகத்தான் வீட்டுக்கு நடந்தேன். நீ தலை குனிந்து ஏதோ ஒயரை ஈயம் வைத்துப் பற்றவைத்துக்கொண்டிருந்தாய். ஊரே கேட்கும்படி சொன்னதை எப்படித் திரும்ப எடுப்பது என்று நினைத்துக்கொண்டே கடையைத் தாண்டிப் போய்விட்டேன். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். அடுத்து வந்த தை மாதம் கடையைக் காலி செய்துவிட்டு நீ விமானம் ஏறிவிட்டாய் என்று கேள்விப்பட்டபோது, உண்மையைச் சொன்னால், இனி சொல்ல வேண்டாம் என்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

முத்துமாரியம்மாளை உனக்கு நன்றாகத் தெரியும். கணுக்காலில் கட்டோடு இருந்ததால் விளையாட்டு விடுதித் தேர்வில் ஆட முடியாமல் போனவள். பதிவு இருந்தால் கொண்டுவாருங்கள், பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொள்கிறோம் என்று விடுதிக்காரர்கள் சொல்லி, நாம் கொடுக்க முடியாமல் போனதே, அவள்தான். அதன் பிறகு மட்டையைத் தொடவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் அம்மா சங்கரம்மாளோடு தீப்பெட்டி ஒட்ட உட்கார்ந்துவிடுவாள். அந்தக் கோபத்தில்தான் உன்னைப் பேசினேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

டிரைவ் கெடவில்லை தம்பி. முன்பு அதற்கு எச்.டி.சி என்று பெயராம். இப்போது எஸ்.ஆர்.ஜீரோ. பட்டன் பழைய பெயரையே கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது. சார் அதை மாற்றிவிட்டு உன் டிவிடிகளை ஒவ்வொன்றாகப் போட்டார். ஒன்பதில் ஐந்து ஓடின. நான்காவதில் கழுகுமலை மைதானத்தில் நடந்த அரையிறுதி. மாரி நடுவில் பந்தை வாங்கி மூன்று பேரைத் தாண்டிப் போகிறாள். கேமராவுக்குப் பின்னால், "விடாத மாரி, விடாத" என்று உன் குரல் கேட்கிறது. அதற்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை. வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் மாலை உன்னைத் திட்டிய அதே மைதானத்துக்குத் தாய்மாரையும் வரச்சொல்லி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். உமாராணி போன் செய்ததையும் சொன்னேன். சங்கரம்மாள்தான் பேசினாள். "அந்தப் பிள்ள கடைய மூடுற அன்னைக்காவது வாயத் திறந்திருக்கலாம்லா டீச்சர்?" என்றாள். அன்றிலிருந்து அவள் என் முகத்தைப் பார்ப்பதில்லை. ஆனால் மகளை மட்டும் மைதானத்துக்கு அனுப்பிவிட்டாள்.

டிவிடிகளைப் பிரதி எடுத்து விடுதிக்கு அனுப்பினோம். மே மாதம் நேரில் வந்து ஆடிக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்றரை வருஷம் மட்டை பிடிக்காத கை. இடம் கிடைக்குமா என்று சொல்வதற்கில்லை. கிடைத்தால் அது உன்னால். கிடைக்காவிட்டால் அது என்னால்.

உன் அம்மாவிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன். உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வந்தார்கள். நீ இப்போது குடோனில் மூட்டை எண்ணும் வேலை பார்ப்பதாகச் சொன்னார்கள். ஆபீசில் கம்ப்யூட்டர் தெரிந்தவர் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டபோது நீ வாய் திறக்கவே இல்லையாம். "எனக்கு அது சரிப்படாதும்மா, நான் தொட்டா எதையாவது அழிச்சிருவேன்னு சொல்லுதான் டீச்சர்" என்றார்கள். அந்த டீயைக் குடித்து முடிக்க என்னால் முடியவில்லை.

மன்னிப்புக் கேட்கத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத, அதைக் கேட்கும் உரிமைகூட எனக்கு இல்லை என்று தெரிகிறது. நீ பதில் எழுத வேண்டாம். போனை எடுக்கவும் வேண்டாம். அடுத்த முறை அங்கே யாராவது அப்படிக் கேட்டால், "எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொல் தம்பி. நீ சொன்னாய் என்று அம்மா மூலமாக எனக்குச் செய்தி வந்தால் போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் தண்ணீர் நிறையக் குடி. நீ எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் பேரில் இருந்த பழியை இத்தனை நாள் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்த
கல்யாணசுந்தரி