பாலர் வகுப்பில் உன் அப்பா

பெம்பான், ஜாசின்
ஆகஸ்டு 2021

அன்பு மகள் திலகாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகம், நீயும் சிங்கப்பூரில் சுகமாக இருப்பாய் என்று முருகனை நம்பிக்கொண்டு பேனாவை எடுத்திருக்கிறேன். தினம் ஃபோனில் பேசுகிறவள் இப்போது எதற்குத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று நீ சிரிப்பது எனக்குத் தெரிகிறது. ஃபோனில் எங்கே பேச முடிகிறது, மணி அடித்ததும் உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறார், சாப்ட்டியா, ரெண்டாவது ஊசி போட்டுட்டியா, அங்க மழையா என்று மூன்றையும் கேட்டு முடித்துவிட்டு அப்புறம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் எழுதப்போவதே அவரைப் பற்றித்தான், அவருக்குத் தெரியாமல். செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு எண்ணெய் ஆலைக்குப் போயிருக்கிறார், லாரிச் சத்தம் கேட்டால் இதை மடித்து அரிசி டின்னுக்குள் போட்டுவிடுவேன், கடிதத்தில் அரிசி வாடை அடித்தால் காரணம் அதுதான்.

இந்தக் கூத்துக்கெல்லாம் குற்றவாளி யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், நீதான். நான் பாட்டுக்கு நம் பெம்பான் பாலர் பள்ளியில் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்து, தலை வாரி, ஆயா வேலை பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்தேன். எத்தன வருசம்மா மூக்கு தொடப்ப, டிப்ளோமா எடுத்துட்டு டீச்சரா நில்லும்மா என்று நீதான் மலாக்கா டவுன் கல்லூரியில் கொண்டுபோய்ச் சேர்த்தாய். எல்லாப் பாடமும் முடிந்து கடைசிச் செய்முறைப் பயிற்சி மட்டும் பாக்கி, நிஜப் பிள்ளைகள் முன்னால் நின்று இரண்டு பாடம் நடத்த வேண்டும், விரிவுரையாளர் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார், அவ்வளவுதான். அதற்குள் கோவிட் வந்து பாலர் பள்ளிக் கேட்டைப் பூட்டிவிட்டார்கள். அடுத்த ஜனவரியில் திறந்தால் டிப்ளோமா கையில் இருக்கிறவர்களுக்குத்தான் வகுப்பு என்று பள்ளி நடத்தும் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இல்லையென்றால் எனக்குப் பழையபடி மூக்கும் சீப்பும்தான். வாய்விட்டுச் சொல்கிறேன் திலகா, எனக்கு டீச்சர் ஆகவேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. நீ மூட்டிய அடுப்பு, இப்போது நான் விசிறிக்கொண்டிருக்கிறேன்.

கல்லூரி போட்ட விதிகளைக் கேள். முதலில் எல்லாவற்றையும் ஒத்திவைத்தார்கள். அப்புறம் வகுப்பு ஃபோனில் என்றார்கள், கேமராவை அணைத்தால் அன்றைக்கு வராத கணக்கு. உன் அப்பா ஒருநாள் துண்டோடு பின்னால் போக, எங்கள் விரிவுரையாளர் மிஸ் தேவிஸ்ரீ வணக்கம் அங்கிள் என்று சொல்லிவைக்க, இவர் மரியாதையாகச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து வகுப்பு முடிகிறவரை உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து என்னைவிட அவர்தான் ஒழுங்காக வகுப்புக்கு வருகிறார். அப்புறம் தேர்வை வீட்டிலிருந்தே எழுதலாம், புத்தகத்தைத் திறந்தே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஆகா என்று ஐந்து புத்தகத்தையும் விரித்து வைத்தேன், எந்தப் பக்கத்தில் எது இருக்கிறது என்று தேடுவதற்குள் பாதி நேரம் போய்விட்டது, மூடி வைத்திருந்தால் ஒழுங்காக எழுதியிருப்பேன். பிறகு, இந்த செமஸ்டருக்கு மதிப்பெண் கிடையாது, தேர்ச்சி அல்லது தேர்ச்சி இல்லை என்று மட்டும் போடுவோம் என்று அறிவித்தார்கள். அதிகம் வாங்கி உன்னிடம் பீற்றிக்கொள்ளலாம் என்றிருந்தேன், அதுவும் போயிற்று.

கடைசியாகத்தான் செய்முறைப் பயிற்சிக்கு விதி வந்தது. பள்ளி திறக்கும்வரை காத்திருக்கலாம், இல்லையென்றால் வீட்டில் இருப்பவர்களைப் பாலர் பள்ளிப் பிள்ளைகளாக உட்காரவைத்துப் பாடம் நடத்திப் படம் பிடித்து அனுப்பலாம். வெளி ஆள் கூடாது. ஒரே பதிவாக இருக்க வேண்டும், இடையில் வெட்டக்கூடாது, ஒட்டக்கூடாது. பக்கத்து வீட்டு மைமூன் அக்காவின் பேத்தி நூருல் ஐனுக்குச் சரியாக நான்கு வயது, வேலிக்கு அந்தப் பக்கம்தான் நிற்கிறது, ஆனால் வேலி தாண்டினால் வெளி ஆள். வீட்டில் இருப்பது யார், நீயே சொல். அறுபது தாண்டிய, மீசை வைத்த, லாரி ஓட்டுகிற ஒரே ஒரு பிள்ளை. கேட்டதும் நான் போய் சின்னப் பிள்ளையாட்டம் உக்காரணுமா என்று குதித்தார். ஜனவரியில் நான் மறுபடி ஆயாதான் என்றேன். போய்ப் பாயை எடுத்து விரித்தார்.

மிலோ டின்மேல் ஃபோனைச் சாய்த்து வைத்துத் தொடங்கினோம். மதிப்பீட்டில் முதல் விதியே குழந்தையைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும் என்பது. உனக்குத் தெரியாததா, கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தப் பெயரை நான் சொன்னதில்லை, கிளினிக்கில் கேட்டால்கூட அடையாள அட்டையை நீட்டுகிறவள். வாய் திறந்தால் என்னங்க, இது என்ன நிறம் என்றுதான் வருகிறது. நான்கு வயதுப் பிள்ளையை என்னங்க என்று கூப்பிடும் டீச்சரை எந்தக் கல்லூரி பாஸ் பண்ணும். சரி தம்பி என்று கூப்பிடலாம் என்று பார்த்தேன், அவருக்குச் சிரிப்பு தாங்காமல் பாயில் உருண்டார், அந்தப் பதிவு போச்சு. அடுத்ததில் ஆலையிலிருந்து ஃபோன் வந்தது, பாடத்தின் நடுவே எடுத்து இன்னைக்கு லோடு இருக்கா பாஸ் என்று கேட்டார். அதற்கடுத்ததில் டீச்சர் ஒண்ணுக்கு வருது என்று எழுந்தார், நிஜப் பிள்ளைங்க அப்படித்தானே சொல்லும் என்று என்னிடமே வாதம். இன்னொன்றில் வாழைப்பழப் படத்தைக் காட்டி நிறம் கேட்டால் இவர் யோசிக்கிறார், வேலிக்கு அப்பாலிருந்து நூருல் ஐன், மஞ்சள்லா தாத்தா என்று கத்துகிறது.

படம் அனுப்பக் கடைசி நாளும் வந்துவிட்டது. அன்றைய பாடம் என் குடும்பம். பாடப் படம் விற்கிற கடை எல்லாம் பூட்டிக்கிடந்ததால் நம் கூடத்துப் படத்தையே இறக்கிப் பலகையில் மாட்டினேன், உன் பட்டமளிப்பு அன்று ஸ்டூடியோவில் எடுத்தது. இது யாரு என்று என்னைக் காட்டினேன், அம்மா என்றார். இது யாரு, அப்பா என்றார், நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. உன்மேல் விரலை வைத்தேன். அக்கா என்றார். உன்னை அக்கா ஆக்கிவிட்டாரே என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு, பிள்ளைகளை மேலும் பேசவைக்கக் கேள்வி கேட்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தபடி, அக்கா எங்க இருக்காங்க என்று கேட்டேன். சிங்கப்பூர்ல டீச்சர் என்றார். எப்ப வருவாங்க என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. பார்டர் கேட்டைப் பூட்டிட்டாங்க டீச்சர், சாவி யாருகிட்ட இருக்குன்னு தெரியல என்று சொல்லிக்கொண்டே வந்தவருக்கு முகம் கோணிவிட்டது. அழுதுவிட்டார் திலகா, துண்டை வாயில் வைத்துக்கொண்டு. வரவேண்டாம்மா, இங்கயும் அங்கயும் குவாரண்டைன்ல அடச்சி வச்சிடுவாங்க, வேலை போயிடும் என்று போன தீபாவளிக்கு உனக்குத் தைரியம் சொன்னாரே, அதே மனிதர்தான்.

எனக்கு டிப்ளோமாவும் தெரியவில்லை, கேமராவும் தெரியவில்லை. நாற்காலியை விட்டு இறங்கிப் பாயில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மூர்த்தி, இங்க பாரு என்றேன். பாருங்க கூட இல்லை, பாரு. தானாக வந்துவிட்டது. அக்காவுக்கு ஒரு படம் வரையலாமா என்று பென்சிலைக் கொடுத்தேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டே வரைந்தார். நேரம் முடிந்ததும் எழுந்துபோய்க் குழாயில் முகம் கழுவிவிட்டு, அத அழிச்சிடு ஜானகி, நாளைக்கு நல்லா நடிச்சுத் தர்றேன் என்றார். நாளைக்கு ஏது. அழித்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு அப்படியே அனுப்பிவிட்டேன். வெட்டக்கூடாது என்பதுதானே விதி.

போன வாரம் மிஸ் தேவிஸ்ரீ கூப்பிட்டார். போச்சு, தேர்ச்சி இல்லை என்று சொல்லத்தான் என்று நினைத்துக்கொண்டே ஃபோனை எடுத்தேன். அக்கா, மத்தவங்க வீட்ல எல்லாரும் பிள்ளை மாதிரி நல்லா நடிச்சாங்க, உங்க வீட்ல பிள்ளை நெஜமாவே அழுதுச்சு, நீங்களும் டீச்சரா பக்கத்துல போய் உக்காந்தீங்க, மொதப் பாடம் பாஸ் என்றார். பிள்ளைக்கு மீச மட்டும் வயசுக்குக் கொஞ்சம் அதிகம் என்று சிரித்தார். நான் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு குதி குதித்தேன், யாரிடமும் சொல்லாதே.

இன்னும் ஒரு பாடம் இருக்கிறது. அதில் தவறினால் முதல் பாடத்தில் பாஸ் ஆனதும் வீண்தான். தலைப்பு சேர்ந்து விளையாடுதல், அதற்குக் குறைந்தது இரண்டு பிள்ளைகள் வேண்டுமாம். என்னிடம் இருப்பது ஒன்று. இங்கேதான் கல்லூரி ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது, குடும்பத்துப் பிள்ளை வெளியூரில் இருந்தால் திரை வழியாகச் சேரலாம் என்று புதுசாக ஒரு விதி போட்டிருக்கிறார்கள். அதனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் தலையை இரட்டைச் சடை பின்னிக்கொண்டு ஃபோன் முன்னால் வந்து உட்கார். உன் முகம் தெரிகிற ஃபோனைப் பாயில் அப்பாவுக்குப் பக்கத்தில் தலையணையில் சாய்த்து வைப்பேன், நீ அக்கா, அவர் தம்பி. உன் நான்கு வயதுப் புத்தியைக் காட்டாதே, அப்போது பாலர் பள்ளியில் பக்கத்துப் பிள்ளையைக் கடித்துவைத்தவள் நீ. அவரிடம் இன்னும் சொல்லவில்லை, சொன்னால் ராத்திரியே சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிவிட்டுத் தூங்காமல் கிடப்பார்.

நேரத்துக்குச் சாப்பிடு, பாக்கெட் மீ நூடுல்ஸையே கிளறித் தின்னாதே, முகக்கவசத்தைத் தாடையில் மாட்டிக்கொண்டு திரியாதே. மைமூன் அக்கா உனக்கென்று அச்சுமுறுக்கு சுட்டு வேலி வழியாகக் கொடுத்திருக்கிறார், தனிப் பொட்டலமாக வருகிறது, வந்ததும் அவரிடம் ஒரு வார்த்தை பேசிவிடு. பாலர் பள்ளியில் பிள்ளை வரைந்த படத்தை வீட்டுக்கு அனுப்புவது வழக்கம், அதனால் அப்பா வரைந்ததை இதோடு வைத்திருக்கிறேன். குப்பையில் போட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். லாரிதான், வேறென்ன வரைவார், முன் சீட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது நீ.

நீ தீர்க்காயுசாக, ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று அம்மாவும் அப்பாவும் தினமும் கும்பிடுகிறோம். ஞாயிற்றுக்கிழமையை மறக்காதே, ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். அவர் அழுதாலும் நீ அழக்கூடாது, வெட்ட முடியாது. ஒரு பிள்ளை அழுதால் சமாளிக்க எனக்குத் தெரிந்துவிட்டது, இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து அழுதால் டீச்சர் என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் கல்லூரியில் இன்னும் சொல்லித்தரவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா,
பாதி டீச்சர் ஜானகி மூர்த்தி