நோய் உள்ளே வராதிருக்க ஒரு பலகை வேண்டி

அனுப்புநர்:
ஞா. கிரேசி, பி.எஸ்சி., பி.டி.,
அறிவியல் ஆசிரியை,
உப்பளச் சாலை, தூத்துக்குடி.

பெறுநர்:
சுகாதார அதிகாரி அவர்கள்,
தூத்துக்குடி.

பொருள்: தொற்று நோய் இல்லாத வீட்டு வாசலில் தொற்று நோய்ப் பலகை மாட்டக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் தம்பி தேவபிரசாதம் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். எலும்பு மஜ்ஜை வற்றி இரத்தம் ஊறாமல் போகும் நோய் அவனுக்கு வந்தது. சென்ற ஆண்டு லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் என் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்து அவனுக்கு ஏற்றினார்கள். பிழைத்தான். பிறகு அவன் இரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்து, இது பெண்ணின் இரத்தம் என்று எனக்கே காட்டினார்கள். வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை.

2. ஊர் திரும்பியதும் சபையார் ஸ்தோத்திர ஜெபத்துக்கு வந்தார்கள். சிலருக்கு இருமல் இருந்தது. அந்த வாரம் எனக்கும் தம்பிக்கும் ஒரே சளி. எனக்குச் சுக்குக் கஷாயத்தோடு போயிற்று. அவனுக்கோ நுரையீரலில் இறங்கி, ஆக்ஸிஜன் வைத்துத்தான் மீட்டார்கள். இரத்தமும் ஒன்று, சளியும் ஒன்று, பிறகு ஏன் இப்படி என்று லண்டன் டாக்டருக்கு எழுதிக் கேட்டேன். மஜ்ஜை என்னுடையதானாலும் அவன் உடம்பில் அது கைக்குழந்தை, என் உடம்பு பழகிய கிருமிகளை அது இன்னும் பார்த்ததில்லை, அவன் சாப்பிடும் மாத்திரைகளும் அதை அடக்கி வைக்கின்றன என்று பதில் வந்தது. இன்னொரு முறை இறங்கினால் நுரையீரல் தாங்காது என்றும் எழுதியிருந்தார். அதைப் படித்ததிலிருந்து எனக்குப் பயமாக இருக்கிறது.

3. வருகிறவர்களை என்னால் தடுக்க முடியவில்லை. சபை மூப்பர் அருமைநாயகம் அண்ணாச்சி, "ஜெபம் பண்ண வார வாயிலயா டீச்சர் நோய் வரும்?" என்கிறார். தம்பியின் தலையில் கை வைக்காமல் அவர் ஜெபிப்பதும் இல்லை. கதவைச் சாத்தினால், சீமைக்குப் போய் வந்த தலைக்கனம் என்கிறார்கள்.

4. பெரியம்மைக் காலத்தில் வாசலில் மாட்டிய பலகைகள் தங்கள் அலுவலகத்தில் சும்மா கிடப்பதாக அறிகிறேன். அந்தப் பலகையைக் கண்டால் யாரும் படியேற மாட்டார்கள். ஒன்று கேட்டுப் போனேன். சுகாதார இன்ஸ்பெக்டர் திரு. வீரபாகு பொறுமையாகவே கேட்டார். வீட்டிலிருந்து நோய் வெளியே போனால்தான் பலகை, வெளியிலிருந்து உள்ளே வரும் நோய்க்கு விதி இல்லை என்றார். அவர் சொன்னது சரிதான். ஆனால் இரண்டு நோய்க்கும் வாசல் ஒன்றுதானே என்று அன்று முதல் யோசிக்கிறேன்.

5. நேற்று முதல் எனக்குத் தும்மல், பள்ளியில் பிடித்தது. உடன் வேலை பார்க்கும் கிருபாபாய் வீட்டில் தங்கியே இதை எழுதுகிறேன். காலையில் எங்கள் வீட்டுத் தெருவில் நின்று பார்த்தேன். தம்பி சன்னலுக்கு வந்து, "சும்மா உள்ள வாக்கா" என்றான். உள்ளே போய்விடத்தான் கால் எழுந்தது.

ஆகவே, ஐயா, விதியைச் சற்றுத் திருப்பிப் படித்து அந்தப் பலகையை எங்கள் வாசலில் மாட்ட உத்தரவிட வேண்டுகிறேன். பலகைக்கு நோயாளி ஒருவர் பெயர் கட்டாயம் என்றால் என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். அண்ணாச்சியை நிறுத்தும் முன் அது என்னை நிறுத்த வேண்டும்.

இடம்: தூத்துக்குடி
நாள்: 14.11.1979

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
ஞா. கிரேசி